வெள்ளிக்கிழமை காரில் யார் யாருடன்? வளரும் வலைப்பின்னலில் அடுத்த இணைப்பைக் கணிக்க முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழு சூடுபிடிக்கும். “சேலம் போறேன், ரெண்டு சீட் இருக்கு, ஏழு மணிக்கு சில்க் போர்டு.” “வேலூர் பக்கம் யாராவது போறீங்களா? நானும் அம்மாவும்.” அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், ஒயிட்ஃபீல்டு என்று பெங்களூரு முழுக்கச் சிதறியிருக்கும் தமிழர்கள், ஊருக்குப் போகும் கார்களில் காலி சீட்டைப் பகிர்ந்துகொள்ளும் குழு அது. ஒரு நாள், எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு, 2023 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான பயணங்களை ஓர் எக்செல் தாளில் ஏற்றினேன். இதுவரை ஒரே காரில் போகாத எந்த இருவர் அடுத்த மூன்று மாதத்தில் சேர்ந்து போவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், நாலு மணிக் கூச்சலில் பாதி குறையுமே என்ற ஆசைதான்.

இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி உலகில் ‘லிங்க் பிரெடிக்‌ஷன்’ என்று பெயர். டேவிட் லிபன்-நோவெல், ஜான் க்ளைன்பெர்க் இருவரும் 2003-இல் இதை ஒரு தெளிவான கணக்காக வைத்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் பகிரும் ஆர்க்கைவ் தளத்தில் 1994 முதல் 1996 வரை இயற்பியலாளர்கள் யார் யாரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார்கள் என்பதை எடுத்துக்கொண்டு, 1997 முதல் 1999 வரை புதிதாக யார் யார் சேருவார்கள் என்று கணித்துப் பார்த்தார்கள். அவர்கள் முயன்றவற்றில் மிகச் சிறந்த முறைகூட, தான் சொன்னவற்றில் சுமார் 16 சதவீதத்தைத்தான் சரியாகச் சொன்னது. இந்த எண்ணை மறக்காதீர்கள். யாராவது தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று வந்து நின்றால் சந்தேகப்பட இது உதவும். நானே அப்படி ஒரு முறை வந்து நின்றவன்தான். அந்தக் கதை கீழே வருகிறது.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

மூன்று வேறு கேள்விகளை ஆட்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். ஏற்கெனவே இருக்கிற, ஆனால் நம் பட்டியலில் விட்டுப்போன இணைப்பைக் கண்டுபிடிப்பது ஒன்று. இதுவரை இல்லாத இணைப்பு புதிதாக உருவாகுமா என்பது இன்னொன்று. பழைய இணைப்பு மறுபடி நிகழுமா என்பது மூன்றாவது. எங்கள் குழுவில் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல மூளையே வேண்டாம். போன வாரம் சேர்ந்து போனவர்கள் இந்த வாரமும் சேர்ந்து போவார்கள். இரண்டாவதுதான் கஷ்டமானது, பயனுள்ளதும் அதுதான்.

கால வரம்பையும் சேர்த்து எழுதுங்கள். “எப்போதாவது” என்பது கேள்வியே அல்ல. என்னுடைய வரி இது: மார்ச் 31 வரை தெரிந்ததை வைத்து, ஏப்ரல் முதல் ஜூன் வரை முதல்முறையாகச் சேர்ந்து பயணிக்கப்போகும் ஜோடிகளைச் சொல்.

படி 2: மூன்று பத்தித் தாள்

யார், யாருடன், எப்போது. இவ்வளவு போதும். ஒவ்வொரு நபரும் ஒரு நோட் (node, அதாவது வலைப்பின்னலில் ஒரு புள்ளி), ஒரே காரில் போனால் இருவருக்கும் நடுவே ஒரு இணைப்பு, கூடவே தேதி. தேதியை எறிந்துவிட்டு வெறும் வரைபடமாக வைத்துக்கொள்வதுதான் தொடக்கத்தில் பலரும் செய்யும் தவறு.

இங்கே கவனிக்காமல் விட்டால் பின்னால் உதைக்கும் ஒரு விஷயம் உண்டு. நான்கு பேர் ஒரு காரில் போனால் 6 இணைப்புகள். பொங்கலுக்கு 12 பேர் டெம்போ டிராவலரில் போனால் 66 இணைப்புகள்! முன் சீட்டில் தூங்கியவருக்கும் கடைசி சீட்டில் பாட்டு கேட்டவருக்கும் நடுவே, ஐந்து மணி நேரம் அடுத்தடுத்து உட்கார்ந்து பேசியவர்களுக்கு இருக்கும் அதே இணைப்பை நம் தாள் கொடுத்துவிடும். ஒரே ஒரு டெம்போ ஒரு மாதத்துக் கார்களை மூழ்கடித்துவிடும். விஞ்ஞானிகளின் கூட்டுக் கட்டுரைகளை ஆராய்ந்த மார்க் நியூமன் 2001-லேயே இதற்கு ஒரு எளிய வழி சொன்னார். n பேர் சேர்ந்த நிகழ்வில் ஒவ்வொரு ஜோடிக்கும் 1-ஐ n−1-ஆல் வகுத்த எடையைக் கொடுங்கள். நான்கு பேர் காருக்கு மூன்றில் ஒரு பங்கு, டெம்போவுக்குப் பதினொன்றில் ஒரு பங்கு. சரியாகிவிடும்.

ஒரே ஆள் இரண்டு எண்களில் குழுவில் இருப்பது, “அண்ணன் வண்டி” என்று மட்டும் எழுதப்பட்ட செய்தி, இவற்றையெல்லாம் கையால்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

படி 3: கத்தியைக் காலத்தின் குறுக்கே வையுங்கள்

இப்போது என் கதை. முதலில் வழக்கமான பழக்கத்தில், மொத்த இணைப்புகளிலிருந்து குலுக்கல் முறையில் 20 சதவீதத்தைச் சோதனைக்கென்று ஒதுக்கினேன். மதிப்பெண் தொண்ணூறைத் தாண்டியது. அலுவலகத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்துக் காட்டினேன். ஒரு ஜூனியர் பையன் மட்டும் மெதுவாகக் கேட்டான்: “சார், மார்ச்ல நடக்கப்போறத சொல்றதுக்கு மே மாசப் பயணத்தையும் பாத்துக்கிட்டீங்களா?” ஆமாம், பார்த்திருந்தேன். அ-வும் ஆ-வும் மார்ச்சில் முதலில் சேர்ந்தார்கள். அதனால் மே மாதம் இருவரும் இ-யோடு போனார்கள். நான் மே மாதப் பயணத்தை மாடலுக்கு, அதாவது கணிக்கும் நிரலுக்கு, காட்டிவிட்டு, மார்ச் இணைப்பைக் கண்டுபிடி என்றேன். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதிய கதை. காலப்படி வெட்டியதும் அந்த மதிப்பெண் பொலபொலவென்று கொட்டிப்போனது.

எனவே இப்படி வெட்டுங்கள். 2024 டிசம்பர் வரையிலான பயணங்களிலிருந்து அம்சங்களை, அதாவது ஒவ்வொரு ஜோடியையும் விவரிக்கும் எண்களை, கணக்கிட்டு, 2025 ஜனவரி முதல் மார்ச் வரை உருவான புதிய இணைப்புகளை விடையாக வைத்துப் பயிற்சி கொடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் மூன்று மாதம் முன்னே நகர்த்துங்கள். மார்ச் வரையிலான தரவிலிருந்து அம்சங்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரை சோதனை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜனவரியில் பொங்கல் வரும். ஏப்ரல்–ஜூனில் சித்திரைப் பிறப்பும் பள்ளி விடுமுறையும் வரும். இரண்டிலும் ஊருக்குப் போகும் கூட்டமே வேறு. அதனால் 2024-இன் ஏப்ரல்–ஜூன் காலாண்டையும் பயிற்சியில் சேர்த்தேன்.

விடைக்கசிவு இன்னொரு வாசல் வழியாகவும் வரும். ‘குறைந்தது மூன்று பயணம் செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்’ என்று மொத்தக் காலத்தையும் பார்த்து வடிகட்டினால், யார் எதிர்காலத்திலும் குழுவில் தொடர்வார்கள் என்பதை நீங்களே சொல்லிக்கொடுத்துவிடுகிறீர்கள். மேலே சொன்ன 2003 ஆய்விலும் பயிற்சிக் காலம், சோதனைக் காலம் இரண்டிலும் தொடர்ந்து கட்டுரை எழுதியவர்களையே எடுத்தார்கள். முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது நியாயம். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பட்டியல் போடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. புனேவுக்கு மாற்றலாகப்போகிறவர் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

படி 4: எத்தனை ஜோடிகள் என்று எண்ணிப் பாருங்கள்

120 பேர் இருந்தால் 7,140 ஜோடிகள். அதில் சுமார் 600 ஜோடிகள் ஏற்கெனவே சேர்ந்து போய்விட்டன என்று வைத்துக்கொண்டால் மீதி 6,540. அடுத்த காலாண்டில் 60 புதிய ஜோடிகள் உருவானால், அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. “யாரும் யாரோடும் சேரமாட்டார்கள்” என்று சொல்லும் சோம்பேறி மாடலுக்கு 99 சதவீதத் துல்லியம் கிடைக்கும். ஆகவே துல்லியம் என்ற சொல்லை இப்போதே மறந்துவிடலாம்.

120 பேருக்கு எல்லா ஜோடிகளையும் சோதிக்கலாம். பத்து லட்சம் பேர் என்றால் ஜோடிகள் 50,000 கோடி. அப்போது நண்பரின் நண்பர் என்ற இரண்டு எட்டுத் தொலைவுக்குள் (ஓர் இணைப்பைத் தாண்டுவது ஓர் எட்டு) இருப்பவர்களை மட்டும் வேட்பாளராக எடுப்பார்கள். அதற்கு வெளியே உருவாகும் இணைப்புகளை இதனால் இழப்போம். எத்தனை இழக்கிறோம் என்று பழைய தரவில் எண்ணிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

படி 5: எளிய மதிப்பெண்கள்

முதல் மதிப்பெண், பொதுவானவர்களின் எண்ணிக்கை. உங்களுக்கும் எனக்கும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அதிகம் என்றால் நாம் சந்திக்கும் வாய்ப்பும் அதிகம். ஜக்கார்டு குறியீடு இதையே இருவருடைய மொத்தத் தொடர்புகளால் வகுக்கும். ஆல்ப்ஸ் மலைத் தாவரங்களை ஒப்பிட வந்த கணக்கு அது, நூறு வருடத்துக்கு மேல் பழசு.

எனக்கு மிகவும் பிடித்தது, லாடா அடாமிக், எய்டன் அடார் இருவரின் 2003-ஆம் ஆண்டு முறை. பொதுவானவர் யார் என்பதையும் அது பார்க்கிறது. குழுவில் வாராவாரம் சேலம் போகும் ஒரு கார்க்காரர் இருக்கிறார். 40 பேருடன் பயணித்தவர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் இருக்கிறார்; நம்பிக்கையானவர்களோடு மட்டும்தான் போவார், மொத்தமே 3 பேர். அந்தக் கார்க்காரரை நமக்கு இருவருக்கும் தெரியும் என்பதில் என்ன இருக்கிறது, அவரை ஊருக்கே தெரியும். ஆனால் அந்த டீச்சரம்மாவை நம் இருவருக்குமே தெரியும் என்றால் அது செய்தி. கணக்கில், ஒவ்வொரு பொதுவானவருக்கும் அவருடைய தொடர்பு எண்ணிக்கையின் இயல் மடக்கையால் (natural log) 1-ஐ வகுத்துக் கூட்ட வேண்டும். 40-க்கு 0.27, 3-க்கு 0.91. இருவரும் பொதுவாக இருக்கும் ஜோடிக்கு 1.18 கிடைக்கும். 40 பேர் தொடர்புள்ள இரண்டு கார்க்காரர்கள் மட்டும் பொதுவாக இருக்கும் ஜோடிக்கு 0.54தான். வெறுமனே எண்ணினால் இரண்டு ஜோடிக்கும் 2 என்றே வந்திருக்கும். பொதுவானவருக்குக் குறைந்தது இரண்டு தொடர்பாவது இருந்தே தீரும் என்பதால், வகுக்கும் எண் பூஜ்யமாகும் பயமும் இல்லை.

2009-இல் வந்த ‘ரிசோர்ஸ் அலொகேஷன்’ மடக்கையை எடுத்துவிட்டு நேரடியாகவே வகுக்கும். அதில் 40-க்கு 0.025, 3-க்கு 0.333. கூட்டத்தை இன்னும் கடுமையாகத் தண்டிக்கிறது. 1953-இல் லியோ காட்ஸ் சொன்ன முறை, நீளமான பாதைகளையும் எண்ணி, நீளம் கூடக்கூட எடையைக் குறைக்கும். இருவரின் தொடர்பு எண்ணிக்கையையும் பெருக்குவது இன்னொரு முறை. பணக்காரன் மேலும் பணக்காரன் ஆவான் என்ற, பராபசி, ஆல்பர்ட் என்ற இரு ஆய்வாளர்களின் கருத்திலிருந்து வந்தது. என் அனுபவத்தில் அது பிரபலங்களின் பட்டியலைத்தான் தரும். யார் யாரோடு என்பதைச் சொல்லாது.

பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் இவற்றில் பெரும்பாலானவை ஒரே வரியில் கிடைக்கும். எழுத வேண்டிய வேலை குறைவு, யோசிக்க வேண்டிய வேலை அதிகம். அது அடுத்த படி.

படி 6: பட்டியலின் உச்சியைக் கண்ணால் பாருங்கள்

அடாமிக்–அடார் மதிப்பெண்படி முதல் இருபது ஜோடிகளை அச்சடித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. பாதிக்கு மேல் கார்க்காரர்–கார்க்காரர் ஜோடிகள்! இரண்டு பேருமே சேலம் பாதைக்காரர்கள். இருவர் காரிலும் அதே ஆட்கள்தான் மாறி மாறி ஏறுகிறார்கள். ஆகவே பொதுவானவர்கள் ஏராளம். ஆனால் இருவரும் ஒரே காரில் ஏன் போகப்போகிறார்கள்? ஆளுக்கொரு வண்டி இருக்கிறது. ஒருவருக்கு மாற்று மற்றவர், துணை அல்ல.

இது எங்கள் குழுவின் விசித்திரம் மட்டும் இல்லை. உடலிலுள்ள புரதங்களின் வலைப்பின்னலிலும் இதே கதைதான் என்று இஸ்த்வான் கோவாச் முதலானோர் 2019-இல் காட்டினார்கள். ஒரே கூட்டாளிகளோடு ஒட்டிக்கொள்ளும் இரண்டு புரதங்கள் வடிவத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதனாலேயே அவை தமக்குள் ஒட்ட வேண்டியதில்லை. இரண்டு பூட்டுகள் ஒரே சாவிகளை ஏற்கும் என்பதால் பூட்டும் பூட்டும் சேராது. அங்கே இரண்டு எட்டுப் பாதையைவிட மூன்று எட்டுப் பாதைதான் நன்றாகக் கணித்தது.

நானும் அதையே செய்தேன். கார்க்காரர்கள் ஒரு பக்கம், ஏறுபவர்கள் மறுபக்கம் என்று வலைப்பின்னலை இரண்டு வகையாகப் பிரித்தேன். இப்படிப் பிரித்தால் ஒரு கார்க்காரருக்கும் ஏறுபவருக்கும் பொதுவானவர் என்று யாருமே இருக்க முடியாது. அடாமிக்–அடார் எப்போதும் பூஜ்யம்தான். அதற்குப் பதில் மூன்று எட்டு: என் காரில் ஏறும் ஒருவர், வேறொரு காரிலும் ஏறுகிறார், அந்தக் காரில் ஏறும் இன்னொருவர் நாளை என் காரிலும் ஏறலாம். நடுவிலுள்ள இருவரின் தொடர்பு எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்து, எல்லாப் பாதைகளுக்கும் கூட்டிக்கொள்ளுங்கள். ஏறுபவர்–ஏறுபவர் ஜோடிகளுக்குப் பழைய அடாமிக்–அடாரே போதும். எந்தச் சூத்திரமும் உங்கள் வலைப்பின்னல் எப்படி வளர்கிறது என்பதைப் பற்றிய ஓர் அனுமானம்தான். முதல் இருபதைக் கண்ணால் பார்க்காமல் அந்த அனுமானம் பொருந்துகிறதா என்று தெரியாது.

படி 7: காலத்துக்கு எடை

இரண்டு வருடத்துக்கு முந்தைய பயணமும் போன வாரப் பயணமும் ஒன்றா? அரை ஆயுள் வைத்துப் பழையதைத் தேயவிடுங்கள். 30 நாள் அரை ஆயுள் என்றால் 90 நாளுக்கு முந்தைய பயணத்துக்கு எட்டில் ஒரு பங்கு எடை. 15, 30, 60, 120 என்று வைத்துப் பார்த்து, பயிற்சிக் காலத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள். சோதனைக் காலத்தைத் தொடக்கூடாது.

ஆனால் தேய்மானம் மட்டும் போதாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 30 நாள் அரை ஆயுளில் அவர்கள் சென்ற வருடப் பயணம் ஏறத்தாழ காணாமலே போய்விடும். “சென்ற ஆண்டு இதே பண்டிகைக்குப் போனாரா” என்பதைத் தனி அம்சமாக வையுங்கள்.

படி 8: எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மாடல்

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரிசை: அடாமிக்–அடார், மூன்று எட்டு மதிப்பெண், இருவரும் கடைசியாகப் பயணித்து எத்தனை நாள் ஆயிற்று, கடந்த 60 நாளில் எத்தனை பயணம், ஒரே திசையா, ஏறுமிடம் பக்கத்திலா. திசை முக்கியம். கிருஷ்ணகிரியில் சாலை பிரிகிறது. ஒன்று வேலூர் வழியாகச் சென்னைக்கு, இன்னொன்று தர்மபுரி வழியாகச் சேலத்துக்கு. அது வரை ஒன்றாகப் போகிறவர்கள் உண்டு, அதைத் தாண்டி இல்லை.

அம்சங்களுக்கு எடை கொடுத்துக் கூட்டி, சேரும் வாய்ப்பைச் சொல்லும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் தொடங்குங்கள். அப்புறம், சிறு சிறு முடிவு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கற்கும் கிரேடியன்ட் பூஸ்டிங். ஒவ்வொரு நோடையும் ஓர் எண் வரிசையாக மாற்றும் நோட்2வெக் போன்ற எம்பெடிங், கிராஃப் நியூரல் நெட்வொர்க், காலத்தையும் சேர்த்துக் கற்கும் டிஜிஎன் எல்லாம் பெரிய தரவுக்கு. 120 பேருக்கு அவை வீண் செலவு. பெரிய தரவிலும் அவசரப்பட வேண்டாம். செயற்கை நுண்ணறிவு ஆய்வில் எந்தக் கருத்தும் எந்தக் கருத்தும் அடுத்துச் சேரும் என்று கணிக்க 2021-இல் சயின்ஸ்4காஸ்ட் என்று ஒரு போட்டி நடந்தது. 64,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் கொண்ட வலைப்பின்னல் அது. அதில்கூட, மனிதர்கள் யோசித்துத் தேர்ந்த வலைப்பின்னல் அம்சங்களைப் பயன்படுத்திய முறைகள்தான், எல்லாவற்றையும் தானே கற்றுக்கொள்ளும் மாடல்களை முந்தின.

படி 9: நேர்மையாக மார்க் போடுங்கள்

ஏயூசி என்றொரு அளவு உண்டு. சேரப்போகும் ஒரு ஜோடியையும் சேராத ஒரு ஜோடியையும் எடுத்தால், முதலாவதற்கு அதிக மதிப்பெண் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சேராத ஜோடிகளை எப்படிப் பொறுக்கினோம் என்பதில் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. குலுக்கிப் போட்டால், மதுரைக்காரரும் திருப்பதி போகிறவரும் என்ற மாதிரி, குழந்தைகூட “சேரமாட்டார்கள்” என்று சொல்லும் ஜோடிகளே வரும். 2022-இல் ஓர் ஆய்வுக்குழு, பழைய இணைப்புகளை வெறுமனே நினைவில் வைத்துக்கொள்ளும் எட்ஜ்பேங்க் என்ற ஒன்றுமில்லாத முறையை வைத்தே, பெரிய மாடல்களோடு போட்டிபோட முடிகிறது என்று காட்டியது. அந்தச் சோதனைகள் அவ்வளவு எளிதாக இருந்தன. எனவே சேராத ஜோடிகளில், ஒரே திசையில் போகும், ஒரே வாரத்தில் பயணித்த கடினமான ஜோடிகளையும் சேருங்கள்.

நடைமுறைக்கு முதல் 50-இல் எத்தனை சரி என்பதே நல்ல அளவு. படி 4-இல் போட்ட கணக்கில் (6,540-இல் 60) குருட்டாம்போக்கில் சொன்னால் 0.92 சதவீதம் சரியாக இருக்கும். முதல் 50-இல் 9 சரி என்றால் 18 சதவீதம். கிட்டத்தட்ட 20 மடங்கு. முதல் பார்வைக்கு 18 சதவீதம் அழுகையை வரவழைக்கும். 16 சதவீதத்தை நினைவில் வையுங்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

படி 10: தரை நகரும்

2025 ஆகஸ்டில் நம்ம மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை திறந்தது. அதுவரை ஸ்ரீராமபுரத்துக்காரர்கள், அந்தப் பக்கமாக வரும் காரைத்தான் நம்பியிருந்தார்கள். இப்போது பச்சைத் தடத்தில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறி, சில்க் போர்டு நெரிசலை மேலிருந்து வேடிக்கை பார்த்தபடியே பொம்மசந்திராவில் இறங்கி அங்கே எந்தக் காரிலும் ஏறலாம். “ஏறுமிடம் பக்கத்திலா” என்று நான் ஆசையாகச் சேர்த்த அம்சம் ஒரே மாதத்தில் பாதி செத்துப்போனது. மாடலுக்கு இது தெரியாது. அது பழைய பெங்களூரில்தான் வாழ்கிறது. மாதாமாதம் முதல் 50-இன் வெற்றி விகிதத்தைக் குறித்து வையுங்கள். சட்டென்று இறங்கினால் வெளியே என்ன மாறியது என்று கேட்டுவிட்டு மறுபயிற்சி கொடுங்கள்.

இன்னொன்று, இந்தப் பட்டியலைக் குழுவில் அப்படியே போடாதீர்கள். நான் ஒரு முறை போட்டேன். “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து போவீங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லுது” என்று ஒரு பெண்ணுக்கும் முன்பின் தெரியாத ஆணுக்கும் சொல்வது எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் செய்த காரியம். அந்த அக்கா தனியாக அழைத்துத் திட்டினார். இப்போது கார்க்காரருக்கு மட்டும், அதுவும் அந்த வாரம் சீட் கேட்டவர்களின் பெயர்களை மட்டும், வரிசைப்படுத்தி அனுப்புகிறேன். வேண்டாம் என்றவர்களின் பெயர் தாளிலேயே இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதுவரை சொன்ன எதுவும் வேலை செய்யாது. பொதுவானவர் இல்லை, பாதை இல்லை, பழைய தேதியும் இல்லை. அவர்களுக்குச் சேரும்போதே இரண்டு கேள்வி கேட்கிறோம்: எந்த ஊர், எங்கே ஏறுவீர்கள். முதல் பயணம் வரை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். போன வாரம் தர்மபுரிக்காரர் ஒருவர் சேர்ந்தார். மாடல் அவருக்குச் சொன்ன முதல் பெயர், நம் டீச்சரம்மா. அது நடக்காது என்று எனக்குத் தெரியும். இரண்டாவது பெயரை அனுப்பினேன்.